வாசலில் ஒரு கனகாம்பரம்

கல்யாணத் தாம்பூலப் பையில் ரோஜாப்பூ அச்சடிப்பதை இனிமேலாவது நிறுத்தினால் என்ன? வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதே ரோஜா, அதே ஜோடிக் கிளி. கம்ப்யூட்டரில் கிடப்பதை எடுத்துப் போட்டு, மணமக்கள் பெயரை மட்டும் மாற்றினால் பை ரெடி!

எங்க அக்கா கல்யாணத்துக்கு நான் அடம்பிடித்தேன். ஆயா வாசலில் வைத்து வளர்த்த கனகாம்பரம்தான் பையில் வரணும் என்று. வாசமில்லாத பூதான், ஆனால் எங்க வீட்டுப் பெண்கள் எல்லார் தலையிலும் ஏறிய பூ. ஐந்து இதழ் சுற்றி வரைந்து காட்டினேன். ஆயா பார்த்துவிட்டு, "இது நந்தியாவட்டைடா" என்று தள்ளிவிட்டது. அப்புறம்தான் செடிகிட்டே உட்கார்ந்து பார்த்தேன். மெல்லிய குழல், அதன் நுனியில் ஒரே பக்கமாக விசிறி மாதிரி விரிந்த இதழ். இத்தனை வருஷம் பார்த்தும் பார்க்கவில்லை!

முதல் வருஷம் டிராயிங் வகுப்பில் நட்டு, போல்ட்டை மூணு பக்கமும் பார்த்து வரைகிறோமே, வீட்டுப் பூவை ஒரு பக்கமாவது பார்த்திருக்கிறோமா?

படத்தை பாசிட்டிவ் எடுத்து, எமல்ஷன் தடவிய ஸ்கிரீனில் வைத்து வெளிச்சம் காட்டினோம். கழுவியதும் பூ தெரிந்தது. ஆரஞ்சு மையை ஸ்குவீஜியால் இழுத்தால், மஞ்சள் பையில் பூவையே காணோம்! அடியில் வெள்ளை அடித்து, காயவிட்டு, மேலே ஆரஞ்சு அடிக்க வேண்டியதாயிற்று. கலருக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். கடைக்காரர்கள் ரெடிமேட் ரோஜாவுக்குப் போவதில் தப்பு சொல்ல முடியாதுதான்.

ஆனால் இரவல் பூவில் வில்லங்கமும் உண்டு. அமெரிக்காவின் ஆண்டி வார்ஹோல் 1964ல் செம்பருத்தியை ஸ்கிரீன் பிரிண்ட் போட்டார். பத்திரிகையில் வந்த அந்தப் போட்டோவை எடுத்தவர் பாட்ரிசியா கால்ஃபீல்ட். 1966ல் அவர் வழக்கே போட்டுவிட்டார்.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம். துணிப்பை திரும்பிவிட்டது, வருஷக்கணக்கில் வீட்டில் இருக்கும். அதில் யார் வீட்டுப் பூ இருக்க வேண்டும் என்பதை நாம்தானே முடிவு செய்யணும்? அடுத்த கல்யாணம் உங்க வீட்டில் என்றால், கடைக்குப் போகும் முன் வரைந்து ஆயாவிடம் காட்டுங்கள்.

எங்க பையில் ஆரஞ்சு சற்றே விலகி, ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆயா அதைப் பனி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறது.