மரத்தைப் பார்த்து மெஷின் வாங்குங்கள்

புயல் அடித்து ஓய்ந்த ஒரு வாரத்துக்குப் புதுவையில் எல்லோரும் மர நிபுணர்கள்தான். "ஒரு பெரிய சிப்பர் மெஷின் வாங்கிப் போட்டால் போதும் சார், விழுந்த மரத்தையெல்லாம் உள்ளே விட்டுத் தூளாக்கிவிடலாம்." கடற்கரைச் சாலையில் காலை நடை போகும்போது இதைக் கேட்காத நாள் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் பலமாகிவிட்டது.

நான் அந்தக் கட்சி இல்லை. "பெரிய மெஷின்" என்பது யோசிக்க மனமில்லாதவர்கள் சொல்லும் பதில். நல்ல விறகைத் தூளாக்கி, அரசுப் பணத்தைத் துருவாக்கி, மரம் ஏறும் மனிதனின் உயிரைக் கணக்கில் சேர்க்காமல் விடும் பதில் அது. ஏன் என்று சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். ஊருக்குள் தூங்குமூஞ்சியும் வேம்பும் பூவரசும் சாய்ந்தன. ஆரோவில்லில் அகேசியா மரங்கள் வரிசையாக விழுந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போயின. தலைமுறைச் சொத்தாக இருந்த முந்திரி மரம் அடிமாட்டு விலைக்கு விறகாகப் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க நின்றால் விலை எப்படி நிற்கும்?

அன்று விழுந்தது ஒரே வகை மரமா? இல்லை. ஒரே மரத்திலேயே மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. அடிமரம், கை கால் பருமனுள்ள கிளை, இலையும் சுள்ளியும். மூன்றுக்கும் மூன்று வழி.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் கணக்குப் புத்தகத்தில் 'ஸ்தேர்' என்று ஓர் அளவு வரும். 1795இல் பிரான்சில் மெட்ரிக் அளவுகளோடு பிறந்தது. ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரத்துக்கு அடுக்கிய விறகு ஒரு ஸ்தேர். அதில் மரம் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்குதான், மீதி இடைவெளிக் காற்று. விறகுக்கென்று தனி அளவு வைத்தவன் விறகைச் சரக்காக மதித்தான். நாமோ அதையே குப்பை என்று எழுதி, ஜேசிபியால் வாரி, லாரியில் ஏற்றி அனுப்புகிறோம். அடுக்காத கிளையை ஏற்றினால் லாரியில் போவது பெரும்பாலும் காற்றுதான். டீசல் மட்டும் முழுசாக எரியும்.

சிப்பரின் வேலை அங்கேதான் இருக்கிறது. கிளையையும் சுள்ளியையும் விழுந்த இடத்திலேயே சில்லாக்கி, பல நடை லாரிச் சுமையை ஒரு நடையாக்குவது. அடிமரத்தை அதில் தள்ளுவது முட்டாள்தனம். அடிமரத்தை ரம்பத்தால் துண்டு போட்டு, பிளந்து, உலர்த்தி, விறகாக்க வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பிளந்து அடுக்கினால் காற்றுப் பட்டு உலரும். சில்லாக்கிக் குவித்தால் உள்ளே சூடேறி மக்கும், சில சமயம் தானே தீப்பிடிக்கும்.

சிப்பரிலும் ஒன்று இல்லை, பல உண்டு. பிரெஞ்சில் கத்தி வைத்துச் சீவுவதற்கு ஒரு பெயர், சுத்தி வைத்து அடித்து நொறுக்குவதற்கு வேறு பெயர். நாம் இரண்டையும் 'சிப்பர்' என்று சொல்லிவிடுகிறோம். வேப்பங்கிளைக்குக் கத்தி சரி. நம் ஊர்த் தென்னை மட்டையைக் கத்தி மெஷினில் விட்டால் நார் சுற்றிக்கொண்டு நிற்கும். அதற்குச் சுத்தி வகைதான் பொருந்தும். நம் குப்பையில் மட்டை எத்தனை பங்கு என்று பார்க்காமல் ஆர்டர் கொடுத்தால் என்ன ஆகும்?

"காகித ஆலையில் எவ்வளவு பெரிய மெஷின் ஓடுகிறது!" என்பார்கள். ஓடட்டும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜினுக்கு விறகு வேண்டும் என்று சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்கு நட்டார்கள். இன்று அதே சவுக்கு கரூர் பக்கம் காகிதபுரத்தில் காகிதக் கூழாகிறது. அங்கே போவது ஒரே மரம், நேரான கழி, நாள் தவறாத வரத்து. பெரிய மெஷின் அதற்குத்தான். தெருமரம் அப்படியா? கோணல் கிளை, கேபிள் ஒயர், டியூஷன் விளம்பரத் தகடு அடித்த ஆணி. ஓர் ஆணி போதும், சிப்பர் கத்தி போய்விடும்.

இனி என் துறைக்கு வருகிறேன். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு மெஷினைவிட ஃபைல் நன்றாகத் தெரியும். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) மார்ச் மாதக் கடைசியில் பணம் திரும்பிப் போகக் கூடாதென்று மெஷின் ஒன்று வாங்கினார்கள். பிளேடுக்குப் பணம் ஒதுக்கவில்லை. ஓட்ட ஆள் பணியிடம் இல்லை. நிறுத்த ஷெட் இல்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவு வைத்த அந்த மெஷின் அதிக நாள் உழைக்காமலே கண்டம் ஆனது. பெரிதாக வாங்குவதில் உள்ள ஆபத்து இது. சின்ன மெஷின் கெட்டால் இன்னொன்று ஓடும். ஒற்றைப் பெரிய மெஷின் கெட்டால் ஊரே நிற்கும்.

"எல்-1 விதி சார், குறைந்த விலைக்காரனுக்குத்தான் கொடுக்க முடியும்" என்று கையை விரிப்பார்கள். அரை உண்மை. இரண்டு உறை முறையில் தொழில்நுட்ப உறையில் தேறியவனின் விலை உறையைத்தான் பிரிப்பார்கள். ஆகவே சண்டை விலையில் இல்லை, 'ஸ்பெசிஃபிகேஷன்' எழுதும் காகிதத்தில் இருக்கிறது. அங்கே குதிரைத் திறனை மட்டும் எழுதினால் குதிரைத் திறன் மட்டுமே வரும். காய்ந்த சவுக்கும் புளியும் எங்கள் ஆள் கண்ணெதிரே போட்டுக் காட்ட வேண்டும், மாற்றுக் கத்தி இரண்டு செட் சேர்ந்து வர வேண்டும், ஆளுக்குப் பயிற்சி தர வேண்டும், பழுது பார்க்க இங்கேயே ஆள் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கேட்லாக்கில் போட்டிருக்கும் பருமன் பெரும்பாலும் மெத்தென்ற பச்சை மரத்துக்கான கணக்கு.

இதில் யாரும் பேசாத விஷயம் மனிதன். செயின் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு, தலைக்கவசம் இல்லாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் ஏறுகிறாரே, அவர் உங்கள் தெருவிலும் ஏறியிருப்பார். பட்டையின் நுனி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று பார்த்துக் கொடுப்பவர் யார்? நீளப் பட்டைதான் வேகம் என்று நினைத்துப் பெரிய ரம்பம் வாங்குகிறார்கள். மரத்தின் மேல் நிற்பவருக்கு எடை குறைந்த சிறிய ரம்பமே பாதுகாப்பு. தலைக்கவசம், முகத்திரை, கால் கவசம், இடுப்புக் கயிறு இல்லாமல் ரம்பத்துக்கு மட்டும் பில் பாஸ் செய்யக் கூடாது. நான் சீட்டில் இருந்தால் திருப்பி அனுப்புவேன்.

"கேஸ் வந்துவிட்டது, விறகு யாருக்கு வேண்டும்?" என்று கேட்பவர்கள் கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். பிரியாணி அண்டா எதில் கொதிக்கிறது? சுடுகாட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வாங்கக் காசு சேரும்வரை சுள்ளி பொறுக்கும் வீடுகள் நம் குப்பங்களில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் கண்ணெதிரே நல்ல வேம்பைத் தூளாக்குவது நியாயமா?

சரி, நீ என்ன சொல்கிறாய் என்பீர்கள். ஒரு பெரிய மெஷின் வாங்கும் பணத்தில், கொம்யூன் தோறும் டிராக்டரில் மாட்டி ஓடும் நடுத்தர சிப்பர் ஒன்று. டிராக்டரின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்பது எங்கும் வழக்கமான அளவு, அதனால் தனி என்ஜின் தேவையில்லை. டிராக்டர் பாகூரிலும் வில்லியனூரிலும் கிடைக்கும். தென்னை மட்டைக்குச் சுத்தி மெஷின் ஒன்று. பயிற்சி பெற்ற ரம்பக்காரர்கள், முழுக் கவசத்தோடு. அடிமரத்தை அடுக்கி உலர்த்த ஒரு மேடான இடம். அங்கே எடை போட்டு ஏழைகளுக்கு முதலில் கொடுங்கள், மிச்சத்தை ஏலம் விடுங்கள். சில்லு தோட்டத்துக்கு மூடாக்காகவும் உரக்குழிக்கும் போகட்டும்.

ஷோரூமில் மெஷினைத் தட்டிப் பார்ப்பதற்கு முன், விழுந்து கிடக்கும் மரத்தை ஒரு தடவை சுற்றி வந்து பாருங்கள். எது விறகு, எது சில்லு, அதை வெட்டப் போகிறவர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கக் காகிதம் இல்லாமல் வரும் எந்த ஃபைலிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகை நமக்காகக் காத்திருக்காது.