பன் எங்கிருந்து வந்தது என்பதா கேள்வி?



பழனி மலைப் பகுதியில் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு புதிய பலகாரம் இடம்பிடித்திருக்கிறது. மைதா மாவைப் பிசைந்து உருட்டி, நடுவில் குழி செய்து, பழ ஜாமை வைத்து மூடி, ஏர் ஃப்ரையரில் சுட்டெடுக்கும் சிறிய பன். இங்கிலாந்தில் இதை ராஸ்பெரி பன் என்று அழைப்பார்கள். அங்கே பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சுட்டுக்கொடுக்கும் எளிய வீட்டுப் பலகாரம் அது. ராஸ்பெரி நம் மலையில் எளிதில் கிடைக்காது. ஆகவே இங்கே பிளம்ஸ் ஜாம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

இது ஒரு பன்னைப் பற்றிய பேச்சுதானே, மார்க்கப் பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று சிலர் எண்ணலாம். ஆனால் மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதி உணவைப் பற்றியவை. “உஸ்தாத், இது வெள்ளைக்காரங்க சாப்பாடாமே, நாம சாப்பிடலாமா?” என்று ஒரு பிள்ளை கேட்கும். “பேக்கரியில செய்ற எல்லாத்துலயும் பன்றிக் கொழுப்பு இருக்குன்னு அத்தா போன்ல வந்துச்சு” என்று இன்னொரு பிள்ளை சொல்லும். இவ்விரண்டுக்கும் நாம் தரும் விடையிலிருந்துதான் ஹலால் என்றால் என்ன என்பதை அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பிறரிடமிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைக் கண்டு அஞ்சுவதே ஹலால் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிட்டால், அந்தத் தவறு ஒரு பன்னோடு நிற்காது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பிற சமூகத்தாரின் மதச் சடங்குகளையும் அடையாளச் சின்னங்களையும் பின்பற்றுவதை மார்க்கம் தடுக்கிறது. ஆனால் ஒரு நாட்டு மக்களின் அன்றாட உணவு அவர்களுடைய மதச் சடங்கு அன்று. தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் கைப்பகுதி குறுகலான ஷாம் நாட்டு அங்கியை அணிந்திருந்ததை முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்களின் அறிவிப்பு நமக்குத் தெரிவிக்கிறது. அதே தபூக்கில் அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டது. அவர்கள் கத்தியை வரவழைத்து, அல்லாஹ்வின் பெயர் கூறி, அதை வெட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) வாயிலாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்த அங்கி எந்த நாட்டுத் தையல், அந்தப் பாலாடைக்கட்டி எந்த ஊர்க் கைப்பக்குவம் என்பவை அங்கே தடையாகவில்லை.

நம் சொந்தத் தட்டையே சற்றுக் கவனியுங்கள். நோன்பு திறக்கும் நேரத்துச் சமோசா மத்திய ஆசியாவிலிருந்து வந்தது. பிரியாணியின் பெயரே பாரசீகம். மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. நம் வீட்டு விசேஷங்களில் பெருமையோடு வைக்கும் தம்ரூட்டையும் நினைத்துப் பாருங்கள். ரவை, பால், முட்டை, நெய், சர்க்கரை சேர்த்துக் கிளறி, பாத்திரத்தின் மூடிமேல் தணலை அள்ளிப்போட்டுச் சிவக்க வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். மேலிருந்து வெப்பம் இறக்கிச் சுடும் அந்தப் பழைய முறையைத்தான் ஏர் ஃப்ரையர் வேறு விதமாகச் செய்கிறது. மேலே மின்கம்பி சூடாகிறது, அதனருகில் உள்ள விசிறி அந்த வெப்பக் காற்றைச் சிறிய அறைக்குள் சுழல விடுகிறது. பெயரில் ‘ஃப்ரை’ இருந்தாலும் அது உண்மையில் ஒரு சிறிய அடுப்புப் பெட்டிதான்.

கொடைக்கானலின் கதையும் இதுவே. 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறிய அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். மேலைநாட்டார் குடியேற்றத்தோடு பேரிக்காயும் பிளம்ஸும் பீச்சும் மலைச்சரிவுகளில் வேரூன்றின. ரொட்டியும் கேக்கும் ஜாமும் ஊர் வழக்கில் கலந்தன. அந்த மரங்களை இன்று பராமரிப்பவர்கள் நம் மலை விவசாயிகள். பழம் அல்லாஹ்வின் அருட்கொடை. அதன் விதையைக் கொண்டுவந்தவர் யார் என்பது அதன் சுவையையும் மாற்றாது, சட்டத்தையும் மாற்றாது.

அப்படியானால் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் உண்ணலாமா என்றால், இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம் பூமியிலுள்ளவற்றில் ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணுமாறு மனிதர் அனைவரையும் அழைக்கிறது. ஆராய வேண்டியது பிறந்த ஊரை அன்று, சேர்மானத்தை. இங்கே உண்மையான எச்சரிக்கைக்கு இடம் இருக்கிறது. பழைய ஆங்கிலேயப் பேக்கிங் முறைகளில் பன்றிக் கொழுப்பு தாராளமாகப் பயன்பட்டது. மாவில் பிசிறவும், டோனட் பொரிக்கவும் அதையே எடுத்தார்கள். அந்தக் கொழுப்பு நமக்கு ஹராம். ஆனால் பன் ஹராமாகிவிடவில்லை. கொழுப்பை விலக்கி வெண்ணெயைச் சேர்த்தால் பலகாரம் அப்படியே இருக்கிறது, தடை நீங்கிவிடுகிறது.

கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாம் இறுகுவதற்குப் பொதுவாகச் சேர்க்கப்படும் பெக்டின் ஆப்பிள், எலுமிச்சை வகைப் பழத்தோல்களிலிருந்து எடுக்கப்படுவது. அதில் ஐயமில்லை. ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்புகளிலிருந்து வருவது. ஜெல்லி மிட்டாய்களிலும் மார்ஷ்மெல்லோவிலும் சில வகைக் கேக்குகளிலும் அது உண்டு. 120 என்ற எண்ணுள்ள சிவப்பு நிறமி ஒருவகைப் பூச்சியிலிருந்து கிடைக்கிறது. 471 என்ற எண்ணுள்ள பொருள் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணை மட்டும் பார்த்து இது ஹராம் என்று தீர்ப்புச் சொல்வது அறியாமை.

நம் நாட்டில் இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பொட்டலத்தில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால், பால் பொருள்களும் தேனும் போன்றவை தவிர விலங்கிலிருந்து பெறப்பட்ட எதுவும் அதில் இல்லை என்பது உற்பத்தியாளர் சட்டப்படி தரும் உறுதி. பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின், பூச்சி நிறமி ஆகிய மூன்றும் அதோடு விலகிவிடுகின்றன. பழுப்பு நிறக் குறி இருந்தால் அது ஹராம் என்று பொருளன்று, முட்டை சேர்ந்திருந்தாலும் அக்குறிதான் இடப்படும். அப்போது சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். மதுவைப் பற்றி மட்டும் பச்சை வட்டம் எதுவும் சொல்வதில்லை என்பதை நினைவில் வையுங்கள். ரம்மில் ஊறவைத்த உலர்பழம் சேர்த்த கேக்கிலும், மது சேர்த்த சாக்லேட்டிலும் நம் கவனம் செல்ல வேண்டியது அங்கேதான். ஜெலட்டின் போன்றவற்றில் உருமாற்றம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஹலாலும் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இடையில் ஐயத்திற்குரியவை உள்ளன என்ற கருத்திலமைந்த நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களின் அறிவிப்பை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். ஐயம் என்பதற்கு ஓர் அடிப்படை வேண்டும். யாரோ எழுதி, யாரோ அனுப்பி, பெயரும் தேதியும் இல்லாமல் கைப்பேசியில் சுற்றும் செய்தி அடிப்படையாகாது. செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது, அறியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது என்பதற்காக. ஒரு பேக்கரியின் பெயரைக் குறிப்பிட்டு இப்படியொரு செய்தியை நாம் பரப்பினால், அதை நடத்தும் குடும்பத்தின் வருவாயில் கை வைக்கிறோம். மறுமையில் அதற்கும் கணக்கு உண்டு.

கடைக்காரரிடம் நேரில் சென்று, “இதில் என்ன கொழுப்புச் சேர்க்கிறீர்கள்? ரம் சேர்ப்பீர்களா?” என்று மரியாதையுடன் கேட்பதில் தவறில்லை. கொடைக்கானல் போன்ற ஊரில் கிறிஸ்தவரும் இந்துவும் முஸ்லிமும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறோம். கேட்டால் சொல்வார்கள். கேட்பது அவமதிப்பு அன்று. கேட்காமலேயே சந்தேகிப்பதுதான் அவமதிப்பு.

இனி வீட்டிலேயே செய்வதைப் பற்றி. வீட்டில் சுடும்போது சேர்மானம் முழுவதும் நம் கண்முன் இருக்கிறது. பத்துப் பன்களுக்கு 200 கிராம் மைதா, 75 கிராம் வெண்ணெய், 75 கிராம் சர்க்கரை, ஒரு முட்டை, ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பால் போதும். சமவெளியில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்ப்பார்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, மாவு வேகமாக உப்பி நடுவில் அமுங்கிவிடும். ஒன்றரைத் தேக்கரண்டி போதுமானது. மாவில் வெண்ணெயை விரல் நுனியால் புட்டு மாவு போல உதிரியாகப் பிசிறி, சர்க்கரையைக் கலந்து, முட்டையும் பாலும் சேர்த்துத் திரட்டுங்கள். எசென்ஸ் தேவையில்லை, சிறிது ஏலக்காய்த்தூள் போதும். உருண்டையில் குழி செய்து அரைத் தேக்கரண்டி ஜாம் வைத்து நன்றாக மூடுங்கள். முன்னரே சூடாக்கிய ஏர் ஃப்ரையரில், காற்றுச் சுழல இடைவெளி விட்டு அடுக்கி, 160 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் சுடலாம். மின்கம்பி அருகில் இருப்பதால் மேற்புறம் சீக்கிரம் சிவக்கும், 10 நிமிடத்திலேயே ஒருமுறை பாருங்கள். 1,500 வாட் கருவி கால் மணி நேரம் முழுமையாக ஓடினாலும் அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே செலவாகும். எடுத்தவுடன் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பன் ஆறியது போலத் தோன்றினாலும் உள்ளே ஜாம் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஜாமுக்கும் மலையில் ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்தில் 104, 105 டிகிரியில் ஜாம் பதம் வரும். இங்கே தண்ணீரே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது, ஆகவே 97, 98 டிகிரியிலேயே பதம் வந்துவிடும். சமவெளிக் கணக்கை நம்பி 105 வரை காய்ச்சினால் ஜாம் மிட்டாய் போல இறுகிப்போகும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளும்போது மேற்பரப்பு சுருங்கினால் இறக்கிவிடலாம்.

பிளம்ஸ் பறித்த சில நாள்களிலேயே கனிந்து கெட்டுப்போகும் பழம். அடிபட்ட பழத்தை வியாபாரி எடுப்பதில்லை. அப்பழத்தில் கெட்ட பகுதியை நீக்கி ஜாமாக்கினால் ஓர் அருட்கொடை வீணாகாமல் காக்கப்படுகிறது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற பொருளில் அல்அஃராஃப் அத்தியாயம் இட்ட கட்டளைக்கு இதைவிட எளிய செயல்வடிவம் எது? அடிபட்ட பழம்தானே என்று விவசாயியிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். நியாயமான விலை கொடுங்கள். தய்யிப் என்பதில் அதுவும் அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.

ஒரு செய்தியைக் குடும்பத் தலைவர்களுக்கும் சொல்ல வேண்டும். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு, வேலை முழுவதையும் பெண்கள் தலையில் சுமத்துவது நீதியன்று. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மாவு பிசிறுவதும் தட்டுக் கழுவுவதும் ஆண்மைக்கு இழுக்கு அல்ல. இந்தக் கருவி இல்லாத வீடும் குறைந்த வீடு அன்று. கடன்பட்டு வாங்க வேண்டிய பொருளும் அன்று. கனமான பாத்திரத்தில் மணல் பரப்பி மூடி வைத்தும் இதே பன்னைச் சுடலாம்.

இறுதியாக, சுட்ட பன் எங்கே போய்ச் சேர்கிறது என்பது. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். பத்துப் பன்களில் நான்கு அடுத்த வீட்டுக்குப் போகட்டும். அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். ஹலால் உணவு நம்மைச் சுற்றிச் சுவர் எழுப்புவதற்கு அன்று, தூய்மையானதை உண்டு பிறருக்கும் கொடுத்து வாழ்வதற்கே என்பது பாடப் புத்தகம் இல்லாமலேயே அவர்களுக்குப் புரியும்.

அடுத்த முறை ஒரு பிள்ளை “இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்டால், “இது யாருடைய உணவு?” என்று நாம் தொடங்க வேண்டாம். “இதில் என்ன இருக்கிறது, எப்படிக் கிடைத்தது, யாருக்குக் கொடுத்தோம்?” என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து கேட்போம். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் உணவையும் ஹலாலாகவும் தூய்மையானதாகவும் ஆக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.