இரத்தப் புற்றும் ஏழரைச் சனியும்

குழந்தைக்கு இரத்தப் புற்று என்றால் ஏழரைச் சனி என்கிறான் சோதிடன். முன்ஜென்மப் பாவம் என்கிறான் புரோகிதன். இருவரும் காசு வாங்காமல் சொல்லுவதில்லை. நிற்க.

சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பவரின் தமையனார் கிராணிக் கழிச்சலால் மாண்டார். சுப்பாராவ் அதை விதியென்று விட்டுவிடவில்லை. அமெரிக்கா சென்று, லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில், கீரையிலுள்ள ஃபோலிக் அமிலம் என்னும் சத்தை அவரது கூட்டத்தார் 1945-ல் செயற்கையாகச் செய்து காட்டினர். கிராணிக்கும் அதனால் வரும் சோகைக்கும் அது மருந்தாயிற்று.

பாஸ்டன் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிட்னி பார்பர் 1947-ல் அவ்வகைச் சத்தையே இரத்தப் புற்றுக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, முன்னிலும் விரைந்தது. நம் சாமியாராயிருந்தால், தாய்க்குப் பக்தி போதவில்லை என்று பழி போட்டிருப்பார். பார்பரோ, இச்சத்து நோயை வளர்க்குமானால் இதைத் தடுப்பது நோயை ஒடுக்கவேண்டுமே என்று யோசித்தார். சுப்பாராவ் கூட்டத்தார் அத்தகைய தடுப்பு மருந்தைச் செய்து அனுப்பினர். 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. 1948-ல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'தற்காலிகம்' என்று எழுதிவிட்டார். எந்தத் தாயத்து வியாபாரி இப்படி எழுதி விற்கிறான் என்று கேட்கின்றோம்.

அதே இனத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளுக்கு மிகுதியாய் வரும் இரத்தப் புற்றுக்கு இன்றும் பிற மருந்துகளுடன் கொடுக்கப்படுகிறது. வைத்திய வசதி நிறைந்த நாடுகளில் 10 குழந்தைகளில் 8-க்கு மேல் பிழைக்கின்றன.

ஆதலால் தோழர்களே, குழந்தை வெளுத்து, காய்ச்சல் விடாமல், அடிபடாமலே உடம்பு கன்றிப்போனால், வேப்பிலை அடிக்க ஓடாமல் அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். பரிகாரத்திற்கென்று முடிந்து வைத்த பணம் வண்டிச் சத்தத்திற்கு ஆகும்.