கல்லில்லாச் சீமையில் வர்ணக் கற்கள்

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று ஒரு பழமொழி உண்டல்லவா? அதன் முற்பாதி எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். பிற்பாதிக்கு இங்கே வேலையே இல்லை. வயலில் ஆள் ஆழம் தோண்டினாலும் களியும் வண்டலும் மணலுமாக வருமேயன்றி, கையடக்கமான கல் ஒன்று அகப்படுவது அபூர்வம்.

இதற்குக் காரணம் என்னவென்று உபாத்தியாயர் ஒருவரிடம் கேட்பது ஆபத்து. உடனே பாடம் ஆரம்பமாகிவிடும். எனினும் சுருக்கமாகவே சொல்லி விடுகிறோம். குடகு மலையில் பிறக்கும் காவிரி, சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் குதித்து இறங்கும்போது கல்லையும் பாறைத் துண்டையும் உருட்டிக்கொண்டு வருகிறாள். சமவெளிக்கு வந்ததும் வேகம் தணிகிறது. சுமை தூக்கி நடப்பவன் களைத்துப் போனால் முதலில் எதைக் கீழே போடுவான்? கனமானதைத்தானே? ஆறும் அப்படியே செய்கிறது. பெருங்கற்கள் மேலேயே நின்றுவிடுகின்றன. கூழாங்கற்கள் வழியிலே தங்கிவிடுகின்றன. கல்லணையைத் தாண்டி ஆறு பல கிளைகளாகப் பிரியும் இடத்துக்கு மணலும் வண்டலும் மட்டுமே வந்து சேருகின்றன. 1934-ல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த வண்டலிலும் பெரும் பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது என்பது வேறு கதை. அதை இன்னொரு வாரம் பேசுவோம்.

கிடைக்காத பொருளுக்கு மதிப்பு அதிகம். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் இந்தச் சீமையில் செங்கல்லால் கட்டியிருந்த கோயில்களை ஒவ்வொன்றாகக் கற்றளிகளாக மாற்றினார். கும்பகோணத்துக்குக் கிழக்கேயுள்ள கோனேரிராஜபுரத்தில், காலஞ்சென்ற தம் கணவர் கண்டராதித்தரின் பெயரால் ஒரு கற்கோயில் எழுப்பி, அவர் சிவலிங்கத்தைப் பூஜிப்பதாக ஒரு சிற்பமும் செதுக்கச் செய்தார். குடும்பத்தாரின் ஞாபகத்தைக் கல்லில் வைக்கும் வழக்கத்துக்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? அந்த அம்மையார் வளர்த்த ராஜராஜன் 1010-ல் பெரிய கோயிலை முடித்தபோது, அதற்கு வேண்டிய கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்தே வந்து சேர வேண்டியிருந்தது.

இனி நமது வீட்டு விஷயம். சென்ற புரட்டாசியில் நம் அன்னையாருக்கு எண்பது வயது பூர்த்தியாயிற்று. என்ன வெகுமதி கொடுப்பது? பட்டுப் புடவை என்றால், “இருப்பதையே உடுத்தி முடியவில்லை” என்பார். வெள்ளிப் பாத்திரம் என்றால் வாங்கிய அன்றே பெட்டிக்குள் பூட்டிவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். நமது இளைய குமாரத்தி ஒரு யோசனை சொன்னாள்: பேரன் பேத்திகள் எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு கல்லில் சித்திரம் தீட்டி, கொல்லைத் துளசி மாடத்தைச் சுற்றி வைப்பது. கேட்டு நாம் சிரித்தோம். பிறகு வேறு யோசனை ஒன்றும் தோன்றாமையால் ஒப்புக்கொண்டோம்.

கல்லுக்கு எங்கே போவது? ஈரோட்டில் வசிக்கும் நம் தமக்கையார் பவானி கூடுதுறைப் பக்கத்திலிருந்து எட்டுக் கூழாங்கற்களைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்து, “அம்மா, இதற்குள் என்ன?” என்று கேட்டாராம். “கல்” என்றாராம் தமக்கையார். கண்டக்டர் மறு கேள்வி கேட்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து நம் இளவலும் அவருடைய இரு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். திண்ணை முழுவதும் வர்ணமயம். பசு ஒன்று, ஓடம் ஒன்று, மாங்காய் என்று நாம் நினைத்துப் பாராட்டியது பெரிய கோயில் விமானம் என்று பிறகு தெரிந்து மன்னிப்புக் கேட்டோம். சிங்கப்பூர்ப் பையன் பாட்டியின் முகத்தையே வரைந்தான். அவன் தங்கை ஆகாய விமானம் ஒன்றை வரைந்து, அதன் சன்னலில் நான்கு தலைகளை வைத்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் எட்டுக் கற்களும் குளித்து முழுகிச் சுத்தமாக உட்கார்ந்திருந்தன! பசுவும் ஓடமும் பாட்டியும் சேற்றில் ஒரு நீலக் கோடாக ஓடிக் கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து நீர் வர்ணத்தை வெறுங்கல்லில் பூசினால் மழைக்கு நிற்குமா என்று பி. ஏ. பட்டம் பெற்ற உபாத்தியாயருக்குத் தோன்றவில்லை. குழந்தைகள் அழுதார்கள். அன்னையார் மட்டும், “கல் இருக்கிறதல்லவா? ஆடிப் பெருக்கில் ஏழு கல் வைத்து மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டுக் கன்னிமார் என்று கும்பிடுகிறோமே, அது மறுநாள் வரை நிற்கிறதா?” என்றார்.

வெட்கத்தால் உந்தப்பட்டுப் புத்தகங்களைப் புரட்டினோம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் காலத்து ஓவியம் உதிர்ந்த இடங்களில் அடியிலே சோழர் காலத்து ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி 1931-ல் கண்டு வெளியிட்டார். அவற்றைச் சோதித்த சென்னைக் காட்சிசாலை ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன், சோழ ஓவியர்கள் ஈரச் சுண்ணாம்பின் மேலேயே வர்ணம் தீட்டினார்கள் என்று நிரூபித்தார். சுண்ணாம்பு காய்கையில் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிவிடுகிறது. வர்ணமும் அதற்குள் அகப்பட்டு நின்றுவிடுகிறது. அதாவது ஆயிரம் வருஷம் நின்றவர்கள் கருங்கல்லின் மேல் வர்ணத்தைப் பூசவேயில்லை. முதலில் சுண்ணாம்புச் சாந்தால் தளம் போட்டார்கள். புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் குகையில் தாமரைக் குளம் எழுதியவர்களும் அவ்விதமே செய்தார்கள். தஞ்சாவூர்ப் படம் எழுதுவோர் பலகையில் துணி ஒட்டி வெள்ளைப் பூச்சுப் பூசுவதும் இந்தச் சூட்சுமம் அறிந்துதான்.

குழந்தைகளை ஈரச் சுண்ணாம்பில் கை வைக்க விடக்கூடாது. தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும். ஆகவே இக்காலத்து அக்ரிலிக் வர்ணத்தை நாடினோம். செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்காகக் கண்ட அனுபவம் இது: கல்லைத் தேய்த்துக் கழுவி மூன்று நாள் நல்ல வெயிலில் காய விடவேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் பிற்பாடு வர்ணம் கொப்புளித்து உரிந்து வரும். வழுவழுப்பான கல்லை உப்புத்தாளால் சற்றே தேய்த்து, வெள்ளை அக்ரிலிக்கை மெல்லிசாக இரு முறை பூசி, அது நன்றாக உலர்ந்த பின்பே சித்திரம். அதுவும் காய்ந்து ஒரு நாள் கழித்து வார்னிஷ் இரண்டு கை. அவசரக்காரர்கள் இந்த ஒரு நாளைப் பொறுக்க மாட்டார்கள். நமது மூத்த குமாரன் பொறுக்கவில்லை. அவனுடைய பசுவுக்கு இப்போது ஐந்து கால். கல்லின் அடிப்பாகத்தை மூடிப் பூசாமல், குழந்தையின் பெயரையும் வருஷத்தையும் மாத்திரம் சிறிதாக எழுதவேண்டும். இவ்வளவு செய்தாலும் வெயிலில் சில வருஷத்தில் நிறம் மங்கத்தான் மங்கும்.

தை மாதத்தில் ஆறு கற்கள் மீண்டும் உயிர் பெற்றன. ஆனால் சிங்கப்பூர்க் குழந்தைகள் ஐப்பசி பிறக்கும் முன்பே ஊர் திரும்பியிருந்தார்கள். அந்த இரண்டு கற்களை என்ன செய்வது? “நானே வரைந்து விடுகிறேன்” என்றான் மூத்த குமாரன். இளையவள் கல்லைப் பிடுங்கிக்கொண்டாள். “பாட்டி முகத்தை அவன்தான் வரைந்தான். நீ வரைந்தால் அது உன் கல்” என்றாள். நியாயஸ்தலம் சென்றாலும் இவ்வழக்கில் அவளுக்கே ஜயம் என்று தோன்றியமையால் நாம் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே ஆறு வர்ணக் கற்களுக்கு நடுவே இரண்டு வெறுங்கற்கள் இருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை துளசிக்கு விளக்கேற்றிய அன்னையார், அவ்விரண்டையும் எடுத்து முந்தானையால் துடைத்து, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துத் திரும்ப வைத்தார். அன்று முதல் வெள்ளிதோறும் அது நடக்கிறது.

ஆனி மாத விடுமுறைக்குக் குழந்தைகள் வருவதாகச் செய்தி வந்திருக்கிறது. மஞ்சளின் மேல் அக்ரிலிக் ஒட்டுமா என்று இளைய குமாரத்தி கேட்கிறாள். கழுவிவிட்டுப் பூசலாம் என்று சொல்லியிருக்கிறோம். அன்னையார் கழுவ விடுவாரா என்பதை இன்னும் கேட்கவில்லை.