மாத்தளைப் புதைகுழியை யார் மீண்டும் திறப்பார்?

அம்மாவின் கிளினிக்குக்காக மாதம் ஒருமுறை மாத்தளை வைத்தியசாலைக்குப் போகிறேன். இலக்கம் எடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பஸ் கட்டணம், மின்சார பில், மருந்து விலை என்று எல்லாமே பேசப்படும். 2012 நவம்பரில் இதே வளவில் உயிர்வாயுத் தாங்கி ஒன்றை அமைக்க மண் வெட்டியபோது வெளியே வந்த எலும்புகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

அடுத்த சில மாதங்களில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 1940களில் மண்சரிவில் இறந்தவர்களாக இருக்கலாம், பெரியம்மையில் இறந்தவர்களாக இருக்கலாம் என்ற கதைகள் உடனேயே கிளம்பின. ஆனால், கிடைத்த பொருட்களை ஆராய்ந்த தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, புதைகுழி 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். நீதவானும் அந்த இடத்தைக் குற்றம் நடந்த இடமாகவே கருதினார்.

1989இல் மாத்தளை எப்படி இருந்தது என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். ஜே.வி.பியின் இரண்டாவது கிளர்ச்சிக் காலம் அது. ஜே.வி.பியினரும் கொன்றார்கள். அரச ஊழியர்கள், மாற்றுக் கட்சிக்காரர்கள், தொழிற்சங்கவாதிகள் என்று அந்தப் பட்டியலும் நீளமானது. அதற்கு அரச படைகள் கொடுத்த பதிலில் சிங்களக் கிராமங்களின் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமல் போனார்கள். அந்த ஆண்டு மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. அவரது பொறுப்புக் காலத்தில் 700க்கும் மேற்பட்டோர் இங்கு காணாமலாக்கப்பட்டதாக உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேச செயற்திட்டம் (ஐ.ரி.ஜே.பி) 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. எலும்புகள் வெளியே வந்தபோது அவர் பாதுகாப்புச் செயலாளர். அவரது அண்ணன் ஜனாதிபதி.

அந்த அண்ணன் 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. எலும்புகள் 1950க்கு முந்தியவை என்று முடிவு வந்தது. அத்தோடு விடயம் அடங்கிப்போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காபன் பரிசோதனை பொய் சொல்லும் முறையல்ல. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகளால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் காபனின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்குப் பின் பிறந்தவர்களின் பற்களிலும் எலும்புகளிலும் அது பதிந்திருக்கும். 1989இல் கொல்லப்பட்ட இருபது வயதுப் பையனின் பல்லை ஒழுங்காகச் சோதித்தால் ‘1950க்கு முன்’ என்ற விடை வர வாய்ப்பில்லை. அப்படியானால் ஒன்றில் அந்த எலும்புகள் உண்மையிலேயே பழையவை, அல்லது மாதிரி எடுத்ததிலோ அனுப்பியதிலோ சோதித்ததிலோ பிழை இருக்கிறது. எது என்று அறிய வழிகள் உள்ளன. மாதிரிகளை யார் தெரிந்தார்கள், யார் கையில் போயின என்று பார்க்கலாம். குடும்பங்களின் சம்மதத்தோடு இரண்டாவது ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். மரபணுவை ஒப்பிடலாம். ஒரு விடை சாதகமாக வந்ததும் கேள்வியையே மூடியதுதான் இங்கே நடந்த தவறு.

இதை வாசிக்கும் வடக்கு, கிழக்கு உறவுகளுக்கு இது பழகிய கதையாக இருக்கும். 2018இல் மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எச்சங்கள் எடுக்கப்பட்டன. அங்கும் அகழ்வை நடத்தியவர் சோமதேவ. அங்கிருந்தும் ஆறு மாதிரிகள் புளோரிடாவுக்கே போயின. பல நூற்றாண்டுகள் பழையவை என்று 2019 மார்ச்சில் விடை வந்தது. இப்போது செம்மணி. 2025 செப்டெம்பர் தொடக்கத்துக்குள் சித்துப்பாத்தி மயானத்தில் 240 அளவிலான எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டுவிட்டன. பிள்ளையின் புத்தகப் பையும் பொம்மையும் அங்கே கிடைத்தன. அகழ்வில் நிற்பவர் அதே சோமதேவ. ஆளும் துறையும் மாறவில்லை. புதைகுழியிலிருந்து நீதிமன்றம் வரையான பாதையை ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டமோ, காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளுக்கான மரபணு வங்கியோ இன்னமும் இல்லை.

மாறியிருப்பது அரசாங்கம். 2012இல் எதிர்க்கட்சியில் இருந்து மாத்தளைக்குச் சுயாதீன விசாரணை கேட்ட ஜே.வி.பியின் தலைவர் இன்று ஜனாதிபதி. 225 ஆசனங்களில் 159 அவர்களுடையவை. ஒவ்வொரு நவம்பர் 13ஆம் திகதியும் கொழும்பில் தங்கள் மாவீரர்களை நினைவுகூர்கிறார்கள். எந்தப் பொலிஸும் தடை உத்தரவு கேட்டு நீதிமன்றம் போவதில்லை. (மாவீரர் வாரத்தில் எத்தனை உத்தரவுகளை வாங்கியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.) பட்டலந்த ஆணைக்குழு அறிக்கையை 2025 மார்ச்சில் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் பட்டலந்தவின் முடிவில் இருப்பவர் ரணில் விக்கிரமசிங்க, ஓர் அரசியல் எதிரி. மாத்தளையின் முடிவில் இருப்பது இராணுவம்.

மாத்தளை பேசப்படாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1989இல் இங்கிருந்த கட்டளைச் சங்கிலி, அதே அதிகாரிகள், அதே படைப்பிரிவுகள் பின்னர் வடக்குக்கு வந்தன. மாத்தளையில் ஓர் அதிகாரியின் பெயரை நீதிமன்றத்தில் சொன்னால் அடுத்த கேள்வி யாழ்ப்பாணத்தைப் பற்றியும் முள்ளிவாய்க்காலைப் பற்றியும் வரும். போரை ஆதரித்து நின்ற, வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் நீதிமன்றம் சென்று பிரித்த கட்சிக்கு அந்தக் கேள்வி கசக்கும். ஆகவே தங்கள் தோழர்களின் எலும்புகளைக்கூட அவர்கள் தொடாமல் இருக்கிறார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்திலும் இதே தயக்கம்தான். அதை நீக்குவதாகச் சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞரை அதே சட்டத்தில்தான் பிடித்து வைத்தார்கள்.

காசில்லை என்பது மற்றப் பதில். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்குக்குள் நாடு நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2022இல், கையில் டொலரே இல்லாத நேரத்திலும், காணாமல் போனவருக்குத் தலைக்கு 2 இலட்சம் ரூபா கொடுத்துக் கோப்பை மூட அமைச்சரவை முடிவெடுத்தது. தாய்மார் வேண்டாம் என்றார்கள். அந்தக் காசில் மரபணுப் பரிசோதனையைத் தொடங்கியிருக்கலாம்.

மாத்தளைத் தமிழருக்கு இதில் என்ன என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். 1977இலும் 1983இலும் இங்கிருந்து அடித்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் போய்க் குடியேறின. 83 ஜூலையில் எங்கள் முத்துமாரியம்மன் கோயிலும் எரிந்தது. போனவர்களின் பிள்ளைகளில் சிலர் 2009இல் காணாமல் போனார்கள். அதே பிள்ளைகளின் வயதையொத்த சிங்களப் பையன்கள் இருபது வருடங்களுக்கு முன்பே இந்த ஊரில் காணாமல் போயிருந்தார்கள். இரண்டு தாய்மாரும் ஒரே அலுவலகத்தின் படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள்.

அரசாங்கம் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. பட்டலந்த அறிக்கையை வைத்த அதே மேசையில் மாத்தளை ஆணைக்குழு அறிக்கையையும், புளோரிடா முடிவுகளையும், மாதிரிகள் கைமாறிய பதிவுகளையும் வைக்கலாம். செம்மணியின் மாதிரிகளும் ஆய்வுகூடத்துக்குப் போகவே வேண்டும். எவை, எத்தனை, யார் முன்னிலையில் என்று அந்தப் பெட்டி மூடப்படும் முன்பே உறவுகளின் சட்டத்தரணிகள் கேட்டு எழுதி வாங்கட்டும். மாத்தளையில் அந்தக் கேள்வியை நாங்கள் விடை வந்த பிறகுதான் கேட்டோம்.