தெளிஞ்ச தண்ணியை நம்பாதீங்க!

அக்கா பையன் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒப்படைத்த சொத்து: ஒரு ஊறுகாய் பாட்டில், அதற்குள் நீல நிறத்தில் ஒரு ஃபைட்டர் மீன். பெயர் 'கேப்டன்'. (2011-ல் ரிஷிவந்தியத்தில் விஜயகாந்த் ஜெயித்ததிலிருந்து, எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை!)

"மாமா, பத்திரமா பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். தினமும் ஆபீஸ் கிளம்புமுன் மொத்தத் தண்ணீரையும் கொட்டி, பாட்டிலைப் பளபளவென்று தேய்த்து, குழாயிலிருந்து நேரே புதுத் தண்ணீர். ஒன்பதாம் நாள் கேப்டன் மிதந்தார்.

பையனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அதே நீலத்தில் இன்னொன்று வாங்கிப் போட்டுவிட்டு, போனில் "ஜம்முனு இருக்கான்டா!" என்றேன்.

இவனுக்காவது ராஜ உபசாரம் செய்யலாமென்று, கல்வராயன் மலைக்கு நண்பர்களோடு போனபோது, மேகம் அருவியில் ஒரு கேன் தண்ணீர் பிடித்து வந்தேன். மூலிகைத் தண்ணீராச்சே! ஜில்லென்று இருந்ததை வந்த வேகத்தில் அப்படியே ஊற்றினேன். அரை மணியில் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பாட்டிலோடு மீன் கடைக்கு ஓடினேன். கடைத் தம்பிக்கு இருபது வயசிருக்கும்.

"தண்ணி நல்ல தண்ணிதான்ணே. ஆனா இவன் எங்க போர் தண்ணியில வளந்தவன். உங்களைத் தூங்கும்போது தூக்கிட்டுப் போய் ஊட்டியில பனியனோட நிறுத்தினா எப்படி இருக்கும்?"

பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தான். ஒரு மணி நேரத்தில் மீன் நிமிர்ந்தது. எனக்கும் உயிர் வந்தது. முதல் மீன் கதையையும் கொட்டினேன்.

"குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும்ணே. நமக்குக் கிருமி சாகும், இதுக்குச் செவுள் வெந்துடும். ஒரு நாள் வாளியில திறந்து வெச்சிட்டு ஊத்தணும்."

"அப்ப தண்ணியே மாத்தாம விட்டா?"

"அதுவும் சாவுதான்!"

பி.காம். படித்த மூளைக்கு இது கணக்கு வழியாகத்தான் ஏறியது. மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அம்மோனியா என்ற விஷம் சேரும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பாலன்ஸ் ஷீட் மாதிரி! உள்ளே கம்பெனி திவால்.

இந்தக் கடனை அடைக்க இரண்டு குமாஸ்தாக்கள் உண்டு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த ஸ்டாஃப் தொட்டியின் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் சீட்டுப் பிடித்து உட்காரச் சுமார் ஒரு மாதம் ஆகும். நாம் பஞ்சைக் குழாயடியில் கசக்கினால் மொத்தப் பேரும் டிஸ்மிஸ்!

பாட்டிலில் வைத்தாலும் இந்த மீன் உடனே சாகாததற்குக் காரணம், மேலே வந்து காற்றைக் குடிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. தாய்லாந்தின் வயல், குட்டைகளில் வாழ்ந்த பரம்பரை. 2019-ல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. மூச்சுக்கு வழி இருக்கிறது என்பதற்காக விஷத்தில் வைக்கலாமா? மேன்ஷன் ரூமில் ஜன்னல் இருக்கிறது, அதனால் கக்கூஸ் வேண்டாம் என்பது போலாகிவிடும்!

இப்போது இருபது லிட்டர் தொட்டி, சின்ன ஃபில்டர். ஞாயிறுதோறும் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன். புதுத் தண்ணீர் ஒரு நாள் திறந்து வைத்தது. தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கு வந்த பிறகே ஊற்றுவேன். எடுத்த பழைய தண்ணீரில்தான் பஞ்சை அலசுவது. தீனி, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு.

பொங்கல் லீவில் பையன் வந்தான். தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமா, இது கேப்டன் இல்ல. அவன் வால்ல சின்னதா ஒரு சிவப்புக் கோடு இருக்கும்."

எல்லாவற்றையும் சொன்னேன். பையன் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கடைசியா எப்ப தண்ணி மாத்தின?"

"ஞாயித்துக்கிழமை. கால்வாசி."

"ஒரு நாள் வெச்ச தண்ணியா?"

"ஆமாண்டா."

இன்னொரு தரம் தொட்டியைப் பார்த்தான்.

"சரி. இவன் உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா போன்ல இனிமே உண்மையைச் சொல்லு."