கேமரா இல்லேன்னா கதையே வேற!

ஆஸ்திரேலியாவில் டார்வின் நகர 'டான் டேல்' சிறுவர் சிறை. 2014 ஆகஸ்டில் ஓர் இரவு, தனி அறைப் பகுதியில் இருந்த 6 சிறுவர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது.

"கலவரம்" என்றார்கள் அதிகாரிகள். ஆனால் கேமராவில் பதிவானதோ வேறு! அறையை விட்டு வெளியே வந்தவன் ஒரே ஒருவன். மற்றவர்கள் பூட்டிய அறைக்குள்! 2 பேர் சீட்டாடிக்கொண்டு இருந்தார்கள்!

2016 ஜூலையில் டி.வி.யில் படம் வந்தது. நாடே கொதித்தது. மறுநாளே விசாரணைக் கமிஷன் அறிவித்தார், அன்றைய பிரதமர் டர்ன்புல். புகை வீசியது சட்ட விரோதம் என்று 2020-ல் அந்நாட்டின் உச்ச கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கேமரா இல்லாத அறையில் என்ன கதி? ஏடுதான் சாட்சி. அதை எழுதுகிறவரோ, பூட்டியவரே!

அமெரிக்காவில் 2018-ல் வந்த சட்டப்படி, மத்திய அரசு காவலில் உள்ள சிறுவன் அடுத்தவரைத் தாக்குவான் என்றாலும் 3 மணி நேரத்துக்கு மேல் தனியே அடைக்கக் கூடாது. பூட்டிய நேரமே ஏட்டில் இல்லேன்னா, 3 மணியை யார் எண்ணுவது?

பூட்டிய மணி, திறந்த மணி, காரணம், உத்தரவு போட்டவர் பெயர். நாலையும் அப்பவே எழுதணும். வெளி ஆள் வந்து பார்க்கணும். "நாளைக்கு எழுதிக்கலாம்" என்றால், வருவது கணக்கு அல்ல, கதை!